இடது பின்சக்கரம்

நான் கட்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மரவாடி. கீற்றுக் கொட்டகையில் நாலு சவுக்குக் கழியோடு தொடங்கியது. இன்று லாரி உள்ளே போய் ஒரே திருப்பில் திரும்பி வெளியே வருகிற அகலம். அதன் பின்னால் ஒரு அறுவை மில். சின்ன காஞ்சிபுரத்தில் மாடி வீடு. அதில் இருக்கிற ஒவ்வொரு நிலையும் கதவும் நான் பக்கத்தில் நின்று இழைக்க வைத்த தேக்கு. முசரவாக்கத்தில் என் அப்பா எந்த வயலில் கூலிக்குக் குனிந்தாரோ அந்த வயலுக்கு நேர் எதிரே ஒரு கல்யாண மண்டபம். அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்த சாலை அது. இப்போது அதே சாலையில் என் மண்டபத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் வருகிறது. ஒரு மகனை என்ஜினீயர் ஆக்கிப் பாரிஸ் வரை அனுப்பினேன். யாரும் கை கொடுக்கவில்லை. காலை வாரினவர்கள் உண்டு, அவர்களை இங்கே எழுதி மதிப்பு கூட்ட மாட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்ற படிப்பு என்னுடையது. பேனாவைவிட உளிதான் கைக்குப் பழக்கம்.

இத்தனையும் கட்டியவனைப் பிரான்ஸ் தேசத்தில் ஒரு கடற்கரை ஊரில், சக்கரத்தில் விழப்போன வயசாளி என்று பேப்பரில் போட்டுவிட்டார்கள். அது பொய். அதைத் திருத்துவதற்காகத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நடந்தது புரிய வேண்டுமானால் எங்கள் ஊர்த் தேரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தேரை இழுக்க ஆயிரம் பேர் வருவார்கள். நிறுத்தவும் திருப்பவும் நாலைந்து பேர்தான். இப்போது இரும்பு பிரேக் வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் மூங்கில் மண்டபத்துத் திருப்பத்தில் கட்டை இல்லாமல் கதை நடக்காது. ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்த மரத்துண்டு அது. உருளுகிற சக்கரத்துக்கு அடியில் கொடுக்க வேண்டும். நேராகக் கொடுத்தால் தேர் நிற்கும். சாய்த்துக் கொடுத்தால் திரும்பும். ஒரு விரற்கடை தப்பினால் கை கிடையாது. முப்பத்தோரு வருடம் இடது பின்சக்கரம் என்னுடையது. எனக்குப் பத்து விரலும் இருக்கின்றன. வலது பின்சக்கரத்துக்காரனுக்கு எட்டுதான்.

கட்டை போட்டதும் தோளில் இருக்கிற துண்டை உருவி மேலே ஆட்டுவோம். இழுக்காதே, வடத்தை விடு என்று அர்த்தம். முன்னால் இருப்பவர்களுக்குச் சத்தம் கேட்காது, துண்டுதான் தெரியும். வடம் பிடித்தவர்கள் எல்லாரும் போட்டோவில் இருப்பார்கள். மேலே நிற்கிற பட்டர் இருப்பார். கட்டை போடுகிறவன் குனிந்தே இருப்பதால் அவன் முதுகுகூடச் சரியாக விழாது. தேர் முடிந்து வீட்டுக்குப் போனால் என் மனைவி சாமியைப் பற்றிக் கேட்க மாட்டாள். என் இரண்டு கைகளையும் பிடித்து விரல்களை எண்ணுவாள். எண்ணி முடித்த பிறகுதான் சோறு போடுவாள்.

அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு வந்த இரண்டு தேருக்கும் நான் கட்டை போட்டேன். வீட்டுக்கு வந்து கை கழுவிக்கொண்டு நானே போட்டுச் சாப்பிட்டேன்.

மகன் போனில் கூப்பிட்டான். ஒரு மாதம் வந்து இரு, வடக்குக் கடற்கரை முழுக்கக் காரில் காட்டுகிறேன் என்றான். மருமகளும் பேசினாள். அவள் புதுச்சேரிக் குடும்பம், ஆனால் பிறந்தது பிரான்சில்தான். தமிழை எண்ணி எண்ணிப் பேசுவாள். ஆகஸ்டில் போனேன். கடற்காற்று குளிரும் என்று மகன் எனக்குக் கழுத்தைச் சுற்ற ஒரு கம்பளித் துண்டு வாங்கிக் கொடுத்தான். சிவப்பு நிறம். கூட்டத்தில் காணாமல் போனால் கண்டுபிடிக்க வசதி என்று மருமகளிடம் சொல்லிச் சிரித்தான்.

முதலில் ஓன்ஃப்ளர் என்ற ஊர். சின்னத் துறைமுகம், நாலு பக்கமும் ஒல்லி ஒல்லியாக உயர்ந்த வீடுகள், மேலிருந்து கல் ஓடு பதித்த சுவர்கள். எல்லாரும் வெளியே நாற்காலி போட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அங்கே ஒரு தேவாலயம் இருக்கிறது, முழுக்க மரம். கப்பல் கட்டுகிற ஆசாரிகள் கட்டினதாம். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். இரண்டு கப்பலைக் கவிழ்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த மாதிரி கூரை. அவர்களுக்குக் கப்பல்தான் தெரியும், அதனால் சாமிக்கும் கப்பலையே கட்டிவிட்டார்கள். தூணைத் தடவினேன். கோடாலி வெட்டு இன்னும் விரலுக்குத் தட்டுப்பட்டது. நூற்றுக்கணக்கான வருடத்துக்கு முன்னால் ஒருத்தன் இடது கையால் செதுக்கியிருக்கிறான், வெட்டின் சாய்விலேயே தெரிகிறது. அதைச் சொல்லத் திரும்பினேன். மகனும் மருமகளும் வெளியே போயிருந்தார்கள். "பாத்தியா" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன், பழக்கத்தில், என் மனைவியிடம் சொல்வது போல. பெஞ்சில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பெண்மணி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்தது எத்ரெத்தா. அங்கே கரையில் மணலே இல்லை, உருண்டைக் கல். அலை திரும்பும்போது ஜல்லி லாரி கொட்டுகிற சத்தம். வெள்ளை மலை கடலுக்குள் இறங்கி, நடுவில் வாசல் மாதிரி ஓட்டை விழுந்து நிற்கிறது. மகன் என்னை அதன் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தான். அங்கே நில், இங்கே பார், சிரி. மாமல்லபுரத்தில் அவனைக் கல் யானைக்கு முன்னால் நிறுத்தி நான் எடுத்த படம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவனும் இப்படித்தான் சொன்ன இடத்தில் நின்றான்.

அந்த ஊர்களில் ராத்திரி ஒன்பது மணிக்குக்கூட வெளிச்சம் இருக்கிறது. சாப்பாடு முடிந்தும் பொழுது முடியாது. அவர்கள் இரண்டு பேரும் அந்த மொழியில் பேசிக்கொள்வார்கள், நடுவில் மகன் என் பக்கம் திரும்பி, "ஓகேவா நைனா?" என்பான். ஓகே என்பேன். நான் மரவாடி கட்டின கதையைத் தொடங்கினால், "அது தெரியும் நைனா" என்பான். தெரிந்திருக்கலாம். தெரிந்த கதையைக் கேட்கக்கூடாது என்று யார் சொன்னது?

அப்புறம் இன்னும் வடக்கே போய் ஒரு சின்ன ஊரில் வாடகைக்கு வீடு எடுத்துப் பத்து நாள் தங்கினோம். ஊர்ப் பெயர் என் நாக்கில் நிற்கவில்லை. முதல் நாள் காலையில் எழுந்து போனால் கடலைக் காணோம். மணல்தான் கண்ணுக்கெட்டின தூரத்துக்கு. கடல் அங்கே தினமும் வெகுதூரம் உள்ளே போய்த் திரும்பி வருகிறது. அதனால் துறைமுகம் கட்டிப் பிரயோசனம் இல்லை. மீன்பிடிக்கிறவர்கள் படகை வண்டியில் ஏற்றி வீட்டு வாசலில் நிறுத்தியிருக்கிறார்கள், நாம் கார் நிறுத்துவது போல. வேண்டும்போது டிராக்டரில் கட்டித் தெரு வழியாக இழுத்துக்கொண்டு கடலைத் தேடிப் போகிறார்கள். எனக்கு அந்த ஊர் பிடித்துவிட்டது. சக்கரம் இருக்கிற ஊர்.

காலையில் தனியாகக் கரையில் நடப்பேன். மணல் அரிக்காமல் இருக்கக் கடலுக்குள் மரக்கம்பங்களை வரிசையாக நட்டிருக்கிறார்கள். உடைந்த துண்டுகள் கரை ஒதுங்கிக் கிடக்கும். எடுத்துக் கையில் எடை பார்ப்பேன், மோந்து பார்ப்பேன். ஒரு துண்டு கிடைத்தது, முழங்கை நீளம், உப்பில் ஊறி இறுகி இரும்பு மாதிரி. ஒரு முனை தடித்து ஒரு முனை மெலிந்து, யாரோ எனக்காகவே செதுக்கிப் போட்டது போல. ஊரிலிருந்து கொண்டுபோன பட்டுக்கடைப் பையில் போட்டுக்கொண்டேன். மகன் பார்த்துவிட்டான்.

"நைனா, குப்பைய பொறுக்கிக்கினு வர்றியே. யாராவது பாத்தா இன்னா நெனப்பாங்க?"

"மரம்னு நெனப்பாங்க" என்றேன்.

அந்த வாரக் கடைசியில் ஊரில் விசேஷம். படகுகளுக்குப் பூ கட்டி, பாதிரியார் வெள்ளை அங்கியில் வந்து தண்ணீர் தெளித்து, பாண்டு வாசித்து, ஒவ்வொரு படகாகக் கடலுக்குக் கொண்டுபோகிறார்கள். தெரு ஓரமெல்லாம் மேசை போட்டு மீன் சாறு. எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. தேர்த் திருவிழாவேதான், சாமி மட்டும் படகுக்குள் தெரியவில்லை. கடைசியாக ஒரு பழைய மரப் படகு. அதை டிராக்டரில் கட்டுவதில்லை, அந்தக் காலம் மாதிரி கையால் இழுக்கிறார்கள். இரும்புப் பட்டை போட்ட பழைய சக்கர வண்டி. முன்னால் கயிறு பிடித்து முப்பது நாற்பது பேர், பாட்டுப் பாடிக்கொண்டு. பின்னால் இன்னொரு கயிற்றில் ஆறு பேர், வண்டி வேகம் பிடிக்காமல் தாங்குவதற்கு.

தெரு முடிகிற இடத்தில் கரைக்கு இறங்குகிற கல் சரிவு. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் கூட்டம். நான் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் நடந்தேன், பை தோளில், கரையில் எடுத்த மரத்துண்டு இன்னும் அதற்குள். நாலு சக்கரத்தில் ஒன்றின் பக்கத்திலும் ஆள் இல்லை.

"பின்னால கட்டை போட ஆளே இல்லியேப்பா" என்றேன்.

"அவங்களுக்குத் தெரியும் நைனா. நீ இந்தப் பக்கம் வா" என்றான்.

போகத்தான் திரும்பினேன். அப்போது சக்கரத்தின் சத்தம் மாறியது. கடகடவென்று இருந்தது ஒரே இரைச்சலாக ஆனது. கட்டை போடுகிறவன் கண்ணை நம்புவதில்லை, காதைத்தான் நம்புவான். திரும்பிப் பார்த்தேன். சரிவின் கீழ்ப்பாதியில் பாசி. பின்கயிறு பிடித்த ஆறு பேரில் இரண்டு பேர் வழுக்கி உட்கார்ந்துவிட்டார்கள், மற்றவர்கள் கையில் கயிறு ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் பாடிக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியாது. படகு அவர்கள் முதுகை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

நான் யோசிக்கவில்லை. யோசிக்கிறவனுக்கு விரல் இருக்காது. பையை உதறிக் கட்டையை எடுத்தேன். இடது பின்சக்கரம் எனக்கு நேரே வந்தது, அது என் அதிர்ஷ்டம். நேராகக் கொடுத்தால் படகு கவிழ்ந்து கூட்டத்தின் மேல் சாயும். சுவர்ப் பக்கம் திரும்புகிற மாதிரி சாய்த்துக் கொடுத்தேன், கையை உருவினேன். சக்கரம் கட்டை மேல் ஏறியது, முனகியது, பின்பக்கம் ஒரு முழம் விலகியது. படகின் விலா சுவரில் தேய்ந்து நின்றது. நான் எப்போதும் போல முட்டி போட்டிருந்தேன். கழுத்திலிருந்த சிவப்புத் துண்டை உருவி மேலே ஆட்டினேன். இழுக்காதே, வடத்தை விடு.

அந்தத் துண்டுதான் என்னைக் கெடுத்தது. அந்த ஊரில் அப்படி ஆட்டினால் காப்பாற்று என்று அர்த்தம் போலிருக்கிறது. நாலு பேர் ஓடிவந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். நாற்காலி வந்தது, போர்வை வந்தது, இனிப்பாக எதையோ குடிக்கக் கொடுத்தார்கள். ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டே தட்டிக் கொடுத்தார். கயிறு பிடித்த ஆறு பேரைச் சுற்றி எல்லாரும் கை தட்டினார்கள். கயிறு ஓடியதில் அவர்கள் உள்ளங்கை உரிந்திருந்தது. அவர்கள் என்னிடம் வந்து தலையைத் தடவி ஏதோ சொன்னார்கள். நடந்ததை நான் தமிழில் சொன்னேன். அவர்கள் சிரித்துத் தலையாட்டினார்கள்.

மகன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தான். முகத்தில் ரத்தம் இல்லை. என்னைப் பார்ப்பதற்கு முன்னால் அவர்களைப் பார்த்து, "பர்தோன், பர்தோன்" என்றான். அந்த மொழியில் எனக்குத் தெரிந்த ஒரே வார்த்தை அது, ரயிலில் இடித்துக்கொண்டால் சொல்வது. ஒவ்வொருத்தராகப் பார்த்துச் சொன்னான். எனக்காக மன்னிப்புக் கேட்டான்.

"இன்னா நைனா இது? செத்துருப்ப."

"கட்டை போட்டேன்பா."

"வழுக்கி உழுந்துட்ட நைனா. அவங்க மட்டும் வண்டிய நிறுத்தலன்னா..."

"அவங்க நிறுத்தல. நான் நிறுத்தினேன்."

"சரி நைனா" என்றான். "சரி. ரெஸ்ட் எடு."

அந்த இரண்டு சரியும் எனக்குத் தெரியும். அவனுக்கு ஐந்து வயதில், மொட்டைமாடியில் புலி பார்த்தேன் என்று சொன்னபோது நான் சொன்ன சரி அது.

நாற்காலியில் உட்கார்ந்து போர்வைக்குள் கையை வைத்து விரல்களை எண்ணினேன். ஒரு கையால் இன்னொரு கையை எண்ணுவது சரியாக வரவில்லை. இரண்டு தடவை எண்ணினேன். பத்து.

கூட்டம் கலைந்த பிறகு சரிவுக்குப் போனேன். கட்டையைச் சுவர் ஓரம் எறிந்திருந்தார்கள். அதன் முதுகில் இரும்புப் பட்டையின் தடம், குறுக்கே சாய்வாக, விரல் பதிகிற ஆழம். மகனிடம் காட்டினேன். அவன் போனில் பேசிக்கொண்டே தலையாட்டினான்.

இரண்டு நாள் கழித்து அந்தப் பக்கத்துப் பேப்பரில் படம் வந்தது. மருமகள்தான் ஓடிவந்தாள். "மாமா, நீங்க பேப்பர்ல வந்திருக்கீங்க!" நான் முட்டி போட்டு, சிவப்புத் துண்டைத் தூக்கிப் பிடித்திருக்கிறேன். முப்பத்தோரு வருடத்தில் கட்டை போடும்போது என் முகம் விழுந்த ஒரே படம். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். ஒவ்வொரு வார்த்தையாகத் தமிழாக்கிச் சொன்னாள். சரிவில் தவறி விழுந்த இந்திய முதியவர் உதவி கேட்டுக் கை அசைக்கிறார். ஊர்க்காரர்கள் ஆறு பேர் முழு பலத்தோடு படகைப் பிடித்து நிறுத்தி அவரைக் காப்பாற்றினார்கள். ஆறு பேரின் பெயரும் இருந்தது. முதியவருக்குப் பெயர் இல்லை. சொல்லி முடிக்கும்போது அவள் குரல் இறங்கிவிட்டது. என் முகத்தைப் பார்த்திருப்பாள்.

மகனிடம் சொன்னேன், பேப்பர்காரனுக்குப் போன் போடு, நடந்ததைச் சொல்.

"ஊரே உன்ன காப்பாத்தினோம்னு சந்தோஷமா இருக்குது நைனா. அத ஏன் கெடுக்கணும்?"

கரைக்குப் போய் உட்கார்ந்தேன். கடல் உள்ளே போயிருந்தது. தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் அன்பாகச் சிரித்தார்கள், ஒருத்தர் கையைப் பிடித்துச் சாலையைக் கடக்க வைத்தார். எனக்குச் சாலை கடக்கத் தெரியும். மிச்சம் இருந்த நாட்களில் அந்த ஊரில் என்னைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. தெரிந்தவர்களும் யாரும் இல்லை.

திரும்பும்போது பெட்டியில் எடை அதிகமானது. மகன் கட்டையை வெளியே எடுத்து வைத்தான். நான் இரண்டு ஸ்வெட்டரையும் எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கட்டையை உள்ளே வைத்தேன். அவன் ஜிப்பை இழுத்து மூடினான்.

ஊருக்கு வந்ததும் டீக்கடையில் சொன்னேன். "பிரான்சுல தேர் ஓடுதா, பெரியவரே? அடுத்த வருசம் நம்ம ஊர்த் தேர அங்க அனுப்பிடலாமா?" என்று ஒருத்தன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அதற்கு மேல் அங்கே பேசவில்லை. வலது பின்சக்கரத்துக்காரன் மட்டும் மறுநாள் மரவாடிக்கு வந்தான். விசாரிப்பு எதுவும் இல்லை, நேராகக் கேட்டான்.

"எந்தச் சக்கரம்?"

"இடது பின்னாடி."

கட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, மிச்சமிருக்கிற விரலால் தடத்தைத் தடவினான்.

"சாய்ச்சிக் குடுத்துக்கிற."

"ஒரு பக்கம் சனம். சுவருப் பக்கம்தான் திருப்பணும்."

"துண்டு ஆட்டுனியா?"

"ஆட்டினேன்."

"வண்டி எப்படி நின்னுச்சாம்?"

"அவங்க புடிச்சி நிறுத்தினாங்களாம்."

அவன் சிரித்தான். "அங்கயும் அதேதானா" என்றான். கட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான்.

அவன் போதும் என்று நினைத்திருப்பான். எனக்குப் போதவில்லை. கட்டையைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்திருக்கிறேன். ஆறு அறை வீட்டில் ஒரு மின்விசிறிதான் சுற்றுகிறது. விரல்களை எண்ண ஆள் இருந்தபோது ஊர் எழுதாவிட்டாலும் பரவாயில்லை என்று இருந்தது. இப்போது அப்படி இல்லை.

அதனால் அந்தப் பேப்பர்காரர்களைக் கேட்கிறேன். அந்த ஆறு பேரின் பெயரையும் எடுக்க வேண்டாம். அவர்கள் கை உரிந்ததை நான் பார்த்தேன், அவர்கள் பங்கு அவர்களுக்கு. அந்தப் படத்தை மறுபடி போடுங்கள். கீழே ஒரு வரி சேருங்கள்: இடது பின்சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துப் படகை நிறுத்தியவர் காஞ்சிபுரத்து மரவாடிக்காரர், அவர் விழவில்லை, உதவி கேட்கவில்லை. சந்தேகம் இருந்தால் கட்டை என்னிடம் இருக்கிறது, உங்கள் சக்கரம் உங்களிடம் இருக்கிறது, தடத்தில் வைத்துப் பாருங்கள்.

மகனே, எனக்கு அவர்கள் மொழி தெரியாது. இந்த வரியை நீதான் எழுதி அனுப்ப வேண்டும். பேப்பர்காரன் போட்டாலும் போடாவிட்டாலும் நீ எழுது. மரவாடிக்காரர் என்ற இடத்தில், என் நைனா என்று எழுது.